கோப்பகபானா மாதாவின் சிற்பி

கோப்பகபானா என்ற பெயரைக் கேட்டதும் பிரேசில் நாட்டின் றியோ டி ஜெனெய்றோ நகரத்துக் கடற்கரையே உங்களிற் பலருக்கு நினைவுக்கு வரும். உலகெங்குமிருந்து உல்லாசப் பயணிகள் வந்து குவியும் அந்த வெண்மணற் கரைக்கு அப்பெயர் எப்படி வந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அக்கரையின் ஒரு முனையில், கடலுக்குள் நீண்டிருந்த பாறையின் மேல், முன்னாளில் ஒரு சிறிய மாதா கோவில் இருந்தது. தூர தேசத்துக் கோப்பகபானா மாதாவின் சுரூபத்தைப் போலச் செய்த ஒரு சுரூபம் அங்கே வணங்கப்பட்டு வந்தது. மாதாவின் பெயர் கோவிலுக்கும், கோவிலின் பெயர் கடற்கரைக்கும் ஆயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்விடத்திலே இராணுவக் கோட்டை எழுந்தது, கோவில் போய்விட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

மூலக் கோப்பகபானா இருப்பது கடலருகே அன்று. தென்னமெரிக்காவின் நடுவே, பொலிவியா நாட்டில், தித்திக்காக்கா என்னும் மாபெரும் ஏரியின் கரையில், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 3,800 மீற்றர் உயரத்தில் அந்த ஊர் இருக்கிறது. புதிதாகப் போகிறவருக்கு நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்கும். பகலில் வெயில் சுடும். இரவில் உறைபனி இறங்கி உருளைக்கிழங்குப் பயிரை ஒரே இராத்திரியில் கருக்கிவிடும். இந்த உறைபனியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நாம் சொல்லப் போகிற மனிதரின் கதை அதிலிருந்தே தொடங்குகிறது.

அவருடைய பெயர் பிரான்சிஸ்கோ தித்தோ யுப்பங்கி. பிரான்சிஸ்கோ என்பது ஞானஸ்நானத்திலே பெற்ற பெயர். மற்றவை இரண்டும் இன்கா அரச குலத்தாரின் பெயர்கள். ஸ்பானியர் வருமுன் அந்த மலைநாடு முழுவதையும் ஆண்ட இன்கா மன்னர்களின் வழித்தோன்றல் அவர். 1532ஆம் ஆண்டில் ஸ்பானியர் இன்கா மன்னன் அத்தவால்ப்பாவைச் சிறைப்பிடித்தார்கள். அதன் பின்னும் காட்டுமலைகளிற் பதுங்கி ஆண்ட கடைசி இன்காவான தூப்பாக் அமாறு 1572இல் கூஸ்கோ நகரின் சதுக்கத்திலே தலை வெட்டப்பட்டு மாண்டார். அந்தக் காயம் ஆறுமுன், பத்தே ஆண்டுகளுக்குள், அதே குலத்தில் வந்த ஒருவர் உளியைக் கையிலே எடுத்தார்.

கோப்பகபானா சாதாரணமான ஊரன்று என்பதையும் சொல்ல வேண்டும். சூரியன் முதன்முதலிற் பிறந்த இடம் என்று இன்காக்கள் நம்பிய சூரியத் தீவு அதற்கு எதிரே ஏரியில் இருக்கிறது. அத்தீவுக்கு யாத்திரை போகிறவர்கள் எல்லோரும் கோப்பகபானாவைக் கடந்தே போவார்கள். யாத்திரைத் தலத்தைக் காவல் செய்வதற்கென்று இன்கா மன்னர்கள் தம் ஆட்சிக்குட்பட்ட பல இனத்தாரை அங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். இப்படி வந்தவர்கள் ஆனன்சாயா என்னும் மேற்பகுதியார். அந்த மண்ணுக்கே உரிய பழங்குடிகள் ஊரின்சாயா என்னும் கீழ்ப்பகுதியார். இரு பகுதியாருக்கும் ஒத்துப்போகாது. வேதத்திற் சேர்ந்த பின்னும் அந்தப் பிணக்கு மாறவில்லை. ஒரே கோவிலில் இரண்டு பகுதியார் இருந்து திருநாள் நடத்துவது எப்படி இருக்கும் என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உறைபனியாற் பயிர் தொடர்ந்து அழிந்தபோது, ஊருக்கு ஒரு பாதுகாவலரைத் தெரிந்து, அவர் பெயரால் ஒரு பக்திச் சபையை நிறுவ வேண்டும் என்ற எண்ணம் பிறந்தது. ஆனன்சாயா மக்கள் மெழுகுதிரித் திருநாளின் மாதாவை விரும்பினார்கள். ஊரின்சாயா மக்களோ புனித செபஸ்தியாரே வேண்டும் என்று நின்றார்கள். யுப்பங்கி ஆனன்சாயாவைச் சேர்ந்தவர். மாதாவின் சுரூபம் ஒன்று ஊரில் இருந்தால் வழக்குத் தீர்ந்துவிடும் என்று அவர் எண்ணினார் போலும். விலை கொடுத்து வாங்கப் பணமில்லை. ஆகவே தாமே செய்யத் துணிந்தார். அதற்குரிய பயிற்சி எதுவும் அவருக்கு இருந்ததில்லை.

முதலிற் களிமண்ணால், கை நீட்டமும் சொச்சமுமான உயரத்தில் ஒரு சுரூபம் வனைந்தார். சகோதரர் ஒருவர் துணை நின்றார். பங்குக் குருவானவரான அன்தோனியோ தே அல்மெய்தா என்பவர் நல்ல மனத்தோடு அதைப் பீடத்தின் ஒரு பக்கத்தில் வைக்க இடங்கொடுத்தார். ஒன்றரை ஆண்டளவு அது அங்கே இருந்தது. பின்பு அல்மெய்தா மாறிப்போக, மொந்தோறோ என்னும் புதிய குருவானவர் வந்தார். அவர் சுரூபத்தைப் பார்த்தார். அதன் விகாரத்தைக் கண்டார். பீடத்திலிருந்து எடுத்து சங்கீஸ்து அறையிலே போடச் சொன்னார்.

நேயர்களே, ஒரு கணம் அந்த மனிதரின் நிலையிலே உங்களை வைத்துப் பாருங்கள். எதிர்ப்பகுதியார் பார்த்துக்கொண்டிருக்க, தாம் செய்த மாதா சுரூபம் பீடத்திலிருந்து இறக்கப்பட்டு, பழைய திரைச்சீலைகளும் உடைந்த குத்துவிளக்குகளும் கிடக்கும் அறைக்குப் போகிறது. அவரோ கோபித்துக்கொண்டு கோவிலுக்கு வராமல் நிற்கவில்லை. புதிய குருவானவர்மேல் மனுப் போடவும் இல்லை. சுரூபம் நன்றாயில்லை என்பது உண்மை என்று ஏற்றுக்கொண்டு, தொழில் கற்கப் புறப்பட்டார்.

அவர் போனது பொத்தொசி நகரத்துக்கு. அங்கே 1545இல் வெள்ளிமலை கண்டுபிடிக்கப்பட்டது. சில பத்தாண்டுகளுக்குள் உலகத்தின் பெருநகரங்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்கு அது வளர்ந்தது. ஸ்பெயின் மன்னரின் கருவூலத்தை நிரப்பிய அந்த வெள்ளியைத் தோண்டியவர்கள் மலைநாட்டுச் சுதேச மக்களே. 1573 முதல், குறித்த மாகாணங்களின் ஆடவரில் ஏழில் ஒரு பங்கினர் முறைவைத்துச் சுரங்கத்துக்குப் போக வேண்டும் என்ற கட்டாய ஊழியம் நடைமுறைக்கு வந்தது. போனவர் பலர் திரும்பவில்லை. யுப்பங்கியின் இனத்தார் ஊர் ஊராகத் திரண்டு அழுதுகொண்டு போன அதே பாதையால் அவரும் போனார். ஆனால் அவர் தேடிப்போனது வெள்ளியை அல்ல. செல்வம் கொழித்த நகரமாகையால் அங்கே கோவில்களும் மடங்களும் மிகுந்திருந்தன; சுரூபம் செய்வோரும், சித்திரம் எழுதுவோரும், பொன்முலாம் இடுவோரும் ஸ்பெயினிலிருந்து வந்து கடை வைத்திருந்தார்கள்.

தியேகோ தே ஒர்த்தீஸ் என்னும் ஆசானிடம் அவர் சீடராய்ச் சேர்ந்தார். முகத்தின் அளவு, கையின் அளவு, துணி மடிப்பு விழும் விதம் ஆகியவற்றைக் கண்ணாற் பார்த்துப் பழகினார். ஓரளவு கைவந்ததும், எந்தச் சுரூபத்தைப் போல மாதாவைச் செய்வது என்று கோவில் கோவிலாக ஏறி இறங்கினார். கடைசியில் புனித சாமிநாதர் சபையாரின் கோவிலில் இருந்த ஒரு சுரூபம் அவர் மனத்தைப் பிடித்தது. அதன் அளவையும் அமைப்பையும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்து மனத்திற் பதித்துக்கொண்டார். வேலை தொடங்குமுன் பரிசுத்த திரித்துவத்தின் தோத்திரமாக ஒரு பூசை ஒப்புக்கொடுப்பித்தார். 1582ஆம் ஆண்டு யூன் மாதம் 4ஆம் திகதி கையை வைத்தார்.

இந்த இடத்தில் அக்காலத்துத் தொழில்முறையைச் சற்று விரிவாகச் சொன்னால் நீங்கள் வெறுக்கமாட்டீர்கள். மரமே அருகிய உயர்நாடு அது. கேதுரு மரம் தொலைவிலிருந்து வரவேண்டும், விலையும் அதிகம். ஆகவே அந்நாட்டுச் சிற்பிகள் ஆனைக் கற்றாழையைப் பயன்படுத்தினார்கள். கற்றாழை தன் வாழ்நாளில் ஒரேயொரு முறை பூக்கும். அப்போது ஆள் உயரத்துக்கும் மேலாக ஒரு தண்டு எழும். அது காய்ந்தபின் உள்ளே நெட்டிபோல மென்மையாகவும், வெளியே மரம்போல உறுதியாகவும் இருக்கும். கத்திக்கு இலகுவில் இசையும். முதலிலே களிமண்ணில் மாதிரி வனைந்து, கற்றாழைத் தண்டுகளை இணைத்து உடல் அமைத்து, பசையில் தோய்த்த துணியை அதன்மேல் மடிப்பு மடிப்பாகப் போர்த்துக் காயவிடுவார்கள். பின்பு வெண்சுதை பூசி அழுத்தமாகத் தேய்த்து, செம்மண் பூச்சின்மேல் பொற்றகடு ஒட்டுவார்கள். பொன்னின்மேல் வர்ணம் தீட்டி, வர்ணம் காயுமுன் கூரிய குச்சியாற் கீறினால், கீறிய கோட்டில் பொன் தெரியும். பட்டுச் சேலையில் சரிகைப் பூ வேலைபோல அது ஒளிரும்.

மெக்சிக்கோவின் பழைய கோவில்களிலும் இத்தகைய வேலை உண்டு. அங்கே பூரேப்பெச்சா என்னும் இனத்தார், சோளத்தண்டின் உட்சோற்றை ஒருவகைப் பூஞ்செடியின் பசையோடு சேர்த்துப் பிசைந்து சுரூபம் செய்தார்கள். ஆள் அளவான பாடுபட்ட சுரூபத்தை ஒருவரே தூக்கக்கூடியதாக அது இருக்கும். மேற்றிராணியார் வாஸ்கோ தே கிறோகா அவர்களின் ஏவலால் உருவான பாத்ஸ்குவாறோ ஆரோக்கிய மாதாவின் சுரூபம் இந்த வகையைச் சேர்ந்ததே. அந்த மேற்றிராணியார் சுதேசிகளின் கைத்திறனைத் தேடிப் பிடித்து வளர்த்தவர். நம் யுப்பங்கிக்கோ அத்தகைய ஆதரவாளர் வாய்க்கவில்லை.

களிமண் மாதிரி உடைந்தது. மறுபடி செய்தார், மறுபடி உடைந்தது. மூன்று முறைக்குக் குறையாமல் இப்படி நேர்ந்ததாம். ஒவ்வொரு முறையும் அவரும் கூட இருந்த உறவினரும் மனமுடைந்து, செபித்து, மண்ணைக் குழைத்தார்கள். ஒருவாறு சுரூபம் உருப்பெற்றதும், நகரத்துச் சித்திரக்காரர்களுக்குக் காட்டினார். குறையில்லாத வேலை என்று அவர்களில் எவரும் சொல்லவில்லை. பிழை பிடித்தவர்களே அதிகம்.

இனி வருவதுதான் இந்த வரலாற்றிலே மிகவும் வேதனையான பகுதி. சுரூபங்கள் செய்யவும் பக்திச் சபை நிறுவவும் மேற்றிராணியாரின் உத்தரவு பெறவேண்டியிருந்தது. ஆதலால் யுப்பங்கி, தாம் பலகையில் எழுதிய மாதா படம் ஒன்றைக் காணிக்கையாக எடுத்துக்கொண்டு, மேற்றிராணியார் வதிந்த சுக்கிசாக்கா நகருக்குப் போனார். இன்றைய சூக்கிறே நகரம் அதுவே. அவர் விண்ணப்பத்தைக் கொடுத்தார், படத்தையும் காட்டினார். படத்தைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். மாதாவின் முகத்திலே தாடி இருப்பதுபோலத் தெரிகிறதாம். கையிலே வாங்கிப் பார்த்து மற்றவருக்குக் கொடுத்துச் சிரித்தார்கள். மேற்றிராணியாரோ உத்தரவு தர மறுத்தார். மாதாவின் உருவை எழுதுவதும் செதுக்குவதும் இவருக்கு உரிய வேலையல்ல என்றும், எழுத ஆசையிருந்தால் குரங்குகளை எழுதட்டும் என்றும் சொல்லி அனுப்பிவிட்டார்.

யுப்பங்கி வெளியே வந்து, நேரே கோவிலுக்குள் போய் முழந்தாளிட்டார். தமக்கு நன்றாகச் செய்யும் வரம் வேண்டும் என்று மாதாவிடம் மன்றாடினார். அவமானத்துக்கு நியாயம் கேட்கவில்லை. கைக்குத் திறமை கேட்டார்.

மேற்றிராணியாரை ஏசிவிட்டுப் போவது எளிது. ஆயினும் நியாயத்தைச் சொல்லவேண்டும். 1563இல் திரெந்து சங்கம், எந்தக் கோவிலிலும் வழக்கமில்லாத சுரூபமோ படமோ மேற்றிராணியாரின் அங்கீகாரமின்றி வைக்கப்படலாகாது என்று கட்டளையிட்டிருந்தது. ஆகவே பார்வையிடுவது அவருடைய கடமையே. அன்றியும் 1560ஆம் ஆண்டுகளில், பழைய தெய்வங்கள் திரும்பி வருகின்றன, ஸ்பானியரின் வேதத்தைக் கைவிடுங்கள் என்று ஆடிப்பாடிப் பரப்பிய ஓர் இயக்கம் பெரு நாட்டு மலைப்பகுதியிலே பரவியிருந்தது. சுதேசிகளின் கையிலிருந்து வரும் எந்த உருவத்தையும் குருமார் ஐயத்தோடு நோக்கிய காலம் அது. இவையெல்லாம் சரி. ஆனால் படத்திலே பிழை இருந்தால் பிழையைத் திருத்தச் சொல்லலாம். குரங்கைப் பற்றிய பேச்சுக்குத் திரெந்து சங்கத்தில் இடமில்லை. அந்தப் பேச்சு படத்தைப் பார்த்து வந்ததன்று, ஆளைப் பார்த்து வந்தது.

இதே 1582ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், லீமா நகரில் அதிமேற்றிராணியார் புனித தூரீபியார் மூன்றாம் சங்கத்தைக் கூட்டினார் என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். சுதேசிகளுக்கு அவர்களுடைய கெச்சுவா, ஐமாறா மொழிகளிலேயே வேதம் போதிக்க வேண்டும் என்று அச்சங்கம் தீர்மானித்தது. அதன் பயனாக 1584இல் லீமாவில் அச்சான மும்மொழி ஞானோபதேசமே தென்னமெரிக்காவில் அச்சேறிய முதல் நூல். ஒரே திருச்சபைக்குள், ஒரே ஆண்டில், இரண்டு மனப்பாங்குகள் இருந்தன.

உத்தரவு இல்லாமலே யுப்பங்கி பொத்தொசிக்குத் திரும்பினார். சுரூபத்தைத் துணியாற் சுற்றிக் கட்டிக்கொண்டு, உறவினரோடு லா பாஸ் நகரை நோக்கி நடந்தார். ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட மலைப்பாதை. கற்றாழைத் தண்டின் இலேசு அப்போது கைகொடுத்தது. கேதுரு மரத்திற் செய்திருந்தால் அந்தப் பயணம் நடந்தேறியிருக்குமோ தெரியாது. வழியில் ஓர் ஊரிலே இரவு தங்க இடங்கேட்டு மண்டபத்தில் ஒதுங்கியபோது, அதிகாரி ஒருவர் வந்து, பிணத்தை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று எண்ணி அவர்களை அடித்து விரட்டப் பார்த்தாராம். கட்டுக்குள் இருப்பது யாருடைய உரு என்று அறிந்த பின்பே தங்கவிட்டார்.

லா பாசில் பொன்முலாம் இடவேண்டியிருந்தது. அத்தொழிலுக்குக் கூலி மிக அதிகம். அப்போது புனித பிரான்சிஸ்கு சபையாரின் கோவிலில் பீட வேலை செய்துகொண்டிருந்த வார்காஸ் என்னும் ஸ்பானிய ஆசானிடம் போய், தாம் அவருக்கு வேலையாளாக உழைப்பதாகவும், பதிலுக்குச் சுரூபத்துக்குப் பொன் இடும் வேலையைச் செய்து தரும்படியும் கேட்டார். ஆசான் இசைந்தார். பொற்றகட்டை யுப்பங்கி தம் கைப்பணத்திலே வாங்கினார். பகலில் ஆசானுக்குப் பீட வேலை. அதோடு மாதாவுக்குப் பொன் வேலை. முடிந்த சுரூபம் பிரான்சிஸ்கு சபைக் குருவானவரான நவறெத்தே என்பவருடைய அறையில் வைக்கப்பட்டது. அச்சுரூபத்திலிருந்து ஒளி வீசக் கண்டதாக அக்குருவானவர் சொன்னார் என்று வரலாறு கூறுகிறது. பொத்தொசியிலும் சுக்கிசாக்காவிலும் நகைப்புக்கிடமாயிருந்த கைவேலையை, முதன்முதலில் ஒருவர் மதித்துத் தம் அறையிலே வைத்து அதன்முன் செபித்தார் என்பதே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

ஊரிலோ எதிர்ப்பு அடங்கவில்லை. சுரூபம் அழகில்லாதது, சுதேசி செய்தது, இதை ஏற்கமுடியாது என்று ஊரின்சாயாவினர் மறுத்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தீர்களா? சுதேசியின் கைவேலையைச் சுதேசியே வேண்டாம் என்கிறார். அந்தப் பகுதியின் அதிகாரியான ஹெறோனிமோ தே மறாஞ்ஞோன் என்பவர் அலுவலாக லா பாசுக்கு வந்தபோது சுரூபத்தைக் கண்டு, இதையே கொண்டுவருவது என்று முடிவு செய்தார். ஊரிலிருந்து பத்துப்பேர் தூக்கிச்செல்ல அனுப்பப்பட்டார்கள். ஏரி குறுகும் இடமான தீக்கீனாவிலே சில நாள் தங்கி, 1583ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் திகதி, மெழுகுதிரித் திருநாளன்று காலையில், சுரூபம் கோப்பகபானாவுக்கு மேலே உள்ள குன்றின்வழி இறங்கியது. மக்கள் எதிர்கொண்டு ஓடிவந்தார்கள். எதிர்த்து நின்றவர்களும் வந்தார்கள். கோவிலிலே குருவானவர் பூசைக்கு ஆயத்தமாய்க் காத்திருந்தார்.

அன்று பீடத்தில் ஏறிய சுரூபம் இன்னும் இறங்கவில்லை. நான்கடியளவு உயரம்; கையிலே பாலன். பாலனைப் பற்றி ஒரு பழஞ்செய்தி சொல்வார்கள். பாலனுக்கு முடி சூட்டியபோது அம்முடி தாயாரின் முகத்தை மறைத்துவிட்டதாம். சிற்பியைக் கூப்பிட்டுத் திருத்தச் சொல்லியிருந்தார்கள். அவர் வந்து கைவைக்குமுன் பாலன் தானாகவே சாய்ந்து தாயாரின் முகம் தெரியச் செய்துவிட்டான் என்பது மக்களின் நம்பிக்கை. புதுமைகள் பல நடந்ததாகச் செய்தி பரவியது. நோயாளரும் யாத்திரீகரும் பெருகினார்கள். 1589இல் புனித அகுஸ்தீனார் சபையார் அத்தலத்தைப் பொறுப்பேற்றார்கள்.

யுப்பங்கி பின்னரும் உளியைக் கீழே வைக்கவில்லை. கொச்சார்க்காஸ் என்னும் ஊரைச் சேர்ந்த செபஸ்தியான் கிமிச்சி என்ற சுதேசி, கையிலே பட்ட காயம் ஆறாமல் வருந்தி, கோப்பகபானாவுக்கு நேர்ச்சை வைத்து யாத்திரை புறப்பட்டார். வழியிலே கூஸ்கோவில் குணமடைந்தார். நன்றிக்கடனாக, கோப்பகபானா மாதாவைப் போன்ற சுரூபம் ஒன்றை யுப்பங்கியின் கையாலேயே செய்வித்து 1598இல் தம் ஊருக்குக் கொண்டுபோனார். பெரு நாட்டின் பெயர்பெற்ற கொச்சார்க்காஸ் மாதா தலம் அவ்வாறு பிறந்தது. முதிர்ந்த வயதில் யுப்பங்கி அகுஸ்தீனார் சபையிலே சகோதரராகச் சேர்ந்து காலம் கழித்தார் என்பது வழிவழி வந்த செய்தி.

இவ்வளவு விபரமும் நமக்குக் கிடைத்தது அவர் தாமே எழுதிவைத்த ஒரு சிறு குறிப்பினால். அகுஸ்தீனார் சபைக் குருவானவரான அலொன்சோ றாமோஸ் கவிலான், கோப்பகபானா மாதாவின் வரலாற்றை 1621இல் லீமாவிலே அச்சிட்டபோது அக்குறிப்பையும் சேர்த்துவிட்டார். யுப்பங்கியின் தாய்மொழியாகிய கெச்சுவாவிலே அ, இ, உ என மூன்று உயிரொலிகளே உண்டு. எனவே அவர் எழுதிய ஸ்பானிய மொழியில் எகரமும் இகரமும், ஒகரமும் உகரமும் ஒன்றோடொன்று மாறிமாறிக் கிடக்கின்றன. நூலாசிரியர் அதைத் திருத்தி அழகுபடுத்தாமல், இருந்தபடியே அச்சேற்றினார். அதற்காக நாம் அவருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம். அந்தக் குறிப்பிலே மேற்றிராணியார் சொன்னது வருகிறது; சித்திரக்காரர் சிரித்தது வருகிறது; மண் உடைந்தது வருகிறது. ஒருவரைப் பற்றியும் கடுஞ்சொல் இல்லை. அடுத்த தலைமுறையில் ஸ்பெயினின் நாடகப் பேராசிரியர் கல்தெறோன் இவ்வரலாற்றை வைத்து ஒரு நாடகமே எழுதினார்.

பிற்காலச் செய்தியைச் சுருங்கச் சொல்கிறேன். 17ஆம் நூற்றாண்டிற் பெரிய கோவில் எழுந்தது. மன்னரும் செல்வரும் கொடுத்த பொன்னும் வெள்ளியும் குவிந்தன. பொலிவியா சுதந்திரம் பெற்ற மறு ஆண்டான 1826இல் ஜனாதிபதி சூக்கிறேயின் அரசு அந்தச் செல்வத்தில் பெரும்பகுதியை எடுத்து நாணயம் அடிக்கப் பயன்படுத்தியது. 1925இல் சுரூபத்துக்கு முடிசூட்டு விழா நடந்தது. 2013ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் கள்வர் கோவிலுக்குள் புகுந்து மாதாவினதும் பாலனினதும் முடிகளையும் நகைகளையும் கழற்றிச் சென்றார்கள். சுரூபத்தைக் கொண்டுபோகவில்லை.

மூலச் சுரூபத்தை வெளியே எடுப்பதில்லை. எடுத்தால் ஏரி பொங்கிவிடும் என்று மக்கள் அஞ்சுகிறார்கள். திருநாட் பவனிகளில் அதைப்போலச் செய்த வேறொரு சுரூபமே போகும். ஆண்டுதோறும் பெப்ரவரி 2ஆம் திகதியும் ஓகஸ்ட் 5ஆம் திகதியும் ஊர் நிரம்பி வழியும். கோவில் வாசலிலே புதிய மோட்டார் வாகனங்களைப் பூவாலும் வர்ணக் கடதாசியாலும் அலங்கரித்துக் கொண்டுவந்து நிறுத்தி மந்திரிப்பிக்கிறார்கள். மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டு யூலையில் பொலிவியாவுக்கு விஜயம் செய்தபோது, அந்நாட்டு ஜனாதிபதி அவருக்கு அணிவித்த இரண்டு கௌரவச் சின்னங்களையும் தம்முடன் எடுத்துச் செல்லவில்லை. கோப்பகபானா மாதாவுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டுப் போனார்.